வற்றலை எண்ணி விதையுங்கள்: தறி வீட்டு மாடியும் கொல்லையும்

தறி வீட்டில் தோட்டம் போட நினைப்பவர் விதைக்கடைக்குப் போகும் முன் ஒரு கணக்குப் போட வேண்டும்: ஐப்பசி, கார்த்திகையில் இந்த வீட்டு அடுப்பில் என்ன குழம்பு கொதிக்கும்?

வடகிழக்குப் பருவமழை ஊன்றிப் பெய்தால் காஞ்சிபுரத்தில் இரண்டு காரியம் சேர்ந்து நடக்கும். பிள்ளையார்பாளையம் போன்ற நெசவுத் தெருக்களில் தறிக்குழியில் நீர் ஊறும்; பாவு ஈரம் இழுக்கும்; தெருவில் பாவு நீட்ட முடியாது. நெய்தால்தான் கூலி என்கிற வீட்டில் கூலி நின்றுபோகும். அதே வாரங்களில்தான் ராஜாஜி மார்க்கெட்டில் கத்தரிக்காயும் தக்காளியும் விலை ஏறும். காசு இறங்கும்போது காய் விலை ஏறுகிற அந்த ஒன்றரை, இரண்டு மாதத்தைத் தாண்டத்தான் பாட்டிமார் சித்திரை வெயிலில் ஜாடி ஜாடியாக வற்றல் போட்டு வைத்தார்கள். இன்று அதை வாய்க்கு ருசியான பண்டமாக மட்டும் பார்க்கிறோம்.

மாடித்தோட்டப் புத்தகங்கள் பெரும்பாலும் காய் பறிப்பதோடு முடிந்துவிடுகின்றன. இங்கே தலைகீழாகப் போகலாம். எதைக் காய வைப்பது, எதை உப்பில் ஊற வைப்பது என்று முதலில் தீர்மானித்துவிட்டு, அதற்கேற்றபடி விதைப்போம்.

எதை விடலாம், எதை வைக்கலாம்

ஆளுக்கு நாளொன்றுக்குக் கீரையும் காயும் சேர்த்து 400 கிராம் வேண்டும் என்கிறது ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். 4 பேர் உள்ள வீட்டுக்கு இது ஆண்டுக்கு ஏறக்குறைய 580 கிலோ. 30 பை வைத்த மாடியில் அவ்வளவு விளையாது. விளையும் என்று யாராவது சத்தியம் செய்தாலும் நம்ப வேண்டாம். வெங்காயம், உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் மூன்றையும் மறந்துவிடுங்கள்; அவை கடையில் மலிவு, பையில் இடம் தின்னும்.

வைக்க வேண்டியவை இரண்டு வகை. ஒன்று, பறித்த அன்றே சட்டிக்குப் போக வேண்டியவை: சிறுகீரை, தண்டுக்கீரை, புதினா, கொத்தமல்லி, கறிவேப்பிலை. கீரை எந்தத் தண்ணீரில் வளர்ந்தது என்பது வாங்கும் இடத்தில் தெரியாது. வீட்டுக் கீரைக்கு அந்தச் சந்தேகம் இல்லை. இரண்டு, காய்ந்தாலும் ருசி போகாதவை: கொத்தவரை, வெண்டை, மிளகாய், கத்தரி, மணத்தக்காளி, சுண்டை. பாதிப் பைகளை இந்த இரண்டாம் வகைக்கு ஒதுக்குங்கள்.

சுண்டைக்குப் பை போதாது. அது ஆள் உயரத்துக்கும் மேல் வளரும் புதர். கொல்லையில் ஓரடி மண் கிடைத்தால் போதும், சில ஆண்டுகள் நின்று காய்க்கும். வேர் அவ்வளவு உரமானது என்பதால்தான் ஒட்டுக்கத்தரிக்கு அடிச்செடியாகச் சுண்டையைப் பயன்படுத்துகிறார்கள். முருங்கைக்கும் கொல்லைதான் இடம். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பி.கே.எம். 1 ரகம் விதை ஊன்றி ஆறேழு மாதத்தில் காய்க்கும். ஆனால் தறி இருக்கும் அறையின் ஜன்னலை ஒட்டி முருங்கை வைக்காதீர்கள். மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி ஏறினால் அதன் முள் காற்றில் வந்து பாவில் ஒட்டும். தறியில் உட்கார்ந்திருப்பவருக்கு உடம்பெல்லாம் அரிப்புதான்.

கிணற்றடி நிழல் சும்மா கிடந்தால் இஞ்சி வையுங்கள். சித்திரை, வைகாசியில் முளை கட்டிய துண்டுகளை ஊன்றினால் தை மாதம் தோண்டலாம். தோல் சுரண்டி வெயிலில் ஒரு வாரத்துக்கு மேல் காய்ந்தால் சுக்கு. வரதராஜப் பெருமாள் கோயில் குடலை இட்லியில் மிளகு, சீரகத்தோடு சேர்கிற அதே சுக்குதான்.

பை எங்கே உட்கார வேண்டும்

12 அங்குல அகலமும் 12 அங்குல உயரமும் உள்ள ஒரு பை 20 லிட்டர் கொள்ளும். வெறும் செம்மண்ணை நிரப்பி நீர் ஊற்றினால் 35 கிலோ கனக்கும். அப்படி 30 பை என்றால் ஒரு டன்னைத் தாண்டிவிடும். தென்னை நார்க்கழிவும் தொழுஉரமும் கலந்தால் எடை ஏறக்குறையப் பாதியாகும். பழைய வீடுகளில் மாடி என்பது மர உத்தரத்தின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு பூசியது. அங்கே பைகளைச் சுவருக்கு நேர் மேலாக மட்டும் வரிசையாக வைக்க வேண்டும். நாட்டு ஓட்டு வீடானால் மாடியே கிடையாது. கொல்லையையும் சுற்றுச்சுவரையும் பார்க்க வேண்டியதுதான்.

எந்தத் தளமானாலும் தறிக்கூடத்துக்கு நேர் மேலே ஒரு பைகூட வேண்டாம். பை வைத்த இடத்தில் தரை எப்போதும் ஈரமாக இருக்கும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் வழியே ஒரு சொட்டு இறங்கினால் போதும். தறியில் பாதி நெய்த புடவையின் உடலில் விழுந்த சுண்ணாம்புத் தண்ணீர்க் கறை போகாது. ஒரு புடவை கெட்டால் போகும் கூலிக்கு எத்தனை கூடை வெண்டைக்காய் வாங்கலாம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அடுக்களைக்கு மேல், கழுவும் இடத்துக்கு மேல், மாடிப்படிக்கு மேல் என்று இடம் தேடுங்கள். பைகளைச் செங்கல் மேல் தூக்கி வைத்தால் அடியில் காற்று ஓடும், தளமும் காயும்.

நார்க்கழிவில் உப்பு இருக்கும். கட்டியை ஊறவைத்து இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்த பிறகே கலவையில் சேர்க்க வேண்டும். கலவை மூன்றில் ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு நார்க்கழிவு, ஒரு பங்கு மட்கிய தொழுஉரம் அல்லது மண்புழு உரம். பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. தமிழ்நாடு தோட்டக்கலைத் துறை 2013-14ல் சென்னையிலும் கோவையிலும் தொடங்கிப் பிறகு பரவலாக்கிய மாடித்தோட்டத் தளையில் 6 பை, 2 கிலோ நார்க்கட்டி 6, ஆறு வகை விதை, அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா, டிரைக்கோடெர்மா விரிடி, வேப்பெண்ணெய் மருந்து எல்லாம் மானிய விலையில் கொடுத்தார்கள். இந்த ஆண்டு எவ்வளவு விலை, கையிருப்பு உண்டா என்று வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். புதிதாகத் தொடங்குகிறவருக்கு அந்த 6 பையே போதும்.

இந்த ஊருக்கென்று ஒரு எச்சரிக்கை. பட்டு நூலின் பசை போக்கச் சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்த தண்ணீரையோ, சாயத் தொட்டித் தண்ணீரையோ செடிக்கு ஊற்றாதீர்கள். சோடாவில் உள்ள சோடியம் மண்ணைப் பிசின்போல இறுக்கிவிடும். அதற்குப் பிறகு எந்த உரம் போட்டாலும் வேர் இறங்காது. சாயமேறிய நூல் துணுக்கும் ஜரிகைக் கழிவும் உரக்குழிக்குப் போகக் கூடாது. பாவுக்குப் போட்டது போக மீந்த, நிறம் படாத கஞ்சி போகலாம். அரிசி கழுநீரும் போகலாம். கோயில் மாலைகள் அருமையான உரம்தான், ஆனால் நார் போக நைலான் நூல், ஜிகினா, கம்பி எல்லாவற்றையும் உருவி எடுக்கப் பொறுமை வேண்டும்.

தண்ணீருக்குத் தமிழ்நாட்டில் 2003ல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கிய மழைநீர்க் குழாய் உங்கள் வீட்டிலும் இருக்கும். அது எங்கே போய்ச் சேருகிறது என்று ஒரு நாள் பின்தொடர்ந்து பாருங்கள். பல வீடுகளில் சாக்கடையில் முடிகிறது. 500 சதுர அடி மாடியில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் 460 லிட்டர் விழும். அதைக் கிணற்றுக்குத் திருப்பினால் கோடையில் கைகொடுக்கும்.

நாள் பார்ப்பது

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது வயலுக்குச் சொன்னது. மாடிக்கும் அது பொருந்தும், ஆனால் வற்றலுக்குப் பொருந்தாது. ஆடியில் விதைத்த வெண்டையும் அவரையும் புரட்டாசியில் காய்க்கும். அப்போது காய வைக்க வெயில் உறுதியில்லை. ஆகவே ஆடி விதைப்பு அன்றன்றைய சமையலுக்கு. வற்றலுக்கான விதைப்பு தை மாதம்.

பொங்கல் முடிந்த கையோடு கொத்தவரை ஊன்றினால் பங்குனி தொடக்கத்தில் முதல் பறிப்பு. சித்திரை வரை நிற்காமல் காய்க்கும். வெண்டை 45 நாளில் வந்துவிடும், அதனால் மாசியில் போட்டாலும் போதும். மிளகாய்க்குத்தான் முன்கூட்டியே திட்டம் வேண்டும்: கார்த்திகை, மார்கழியில் மழைக்கு மறைவாகத் தட்டில் நாற்று விட்டு, 40 நாளில் தை மாதம் பைக்கு மாற்றினால் சித்திரையில் மோர் மிளகாய்க்குப் பிஞ்சும் முற்றலும் இல்லாத காய் கிடைக்கும். மணத்தக்காளிக்குக் காலமே இல்லை. பழத்தை நசுக்கித் தூவினாலே முளைக்கும்.

ஏப்ரல் முதல் கத்திரி வெயில் தீரும் வரை 50 சதவீத நிழல்வலை கட்ட வேண்டும். தண்ணீர் காலை ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை. பகல் 12 மணிக்கு வாடி நிற்கும் செடியைப் பார்த்து மனம் பதறி ஊற்றுகிறவர்கள் பையின் அடியில் விரலை விட்டுப் பார்த்துவிட்டு ஊற்றட்டும். பாதி நேரம் அங்கே ஈரம் இருக்கும்.

பூச்சி வந்தால் வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, கரைய ஒரு துளி காதி சோப்பு. மாவுப்பூச்சிக்கு முதலில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவிவிட்டு அதன் பிறகு தெளியுங்கள். கடுமையான மருந்துக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. 2008ல் தமிழ்நாட்டில் புகுந்த பப்பாளி மாவுப்பூச்சி மல்பெரித் தோட்டங்களை நாசமாக்கியது. பட்டுப்புழு வளர்த்தவர்கள் செடியை வேரோடு பிடுங்கும் நிலை வந்தது. என்னென்னவோ மருந்தடித்தும் அடங்காத அதை, 2010ல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்ட கடுகளவுகூட இல்லாத ஒட்டுண்ணிக் குளவிகள்தான் அடக்கின. மருந்தடித்தால் முதலில் சாவது இந்த மாதிரி நண்பர்கள்.

வெயிலில்

கொத்தவரையை நுனி கிள்ளி, உப்புப் போட்ட கொதிநீரில் நிறம் மாறும் வரை மட்டும் விட்டு வடித்து, வெள்ளை வேட்டியில் ஒன்றன் மேல் ஒன்று படாமல் பரப்புங்கள். நல்ல வெயிலில் மூன்று, நான்கு நாள். கத்தரிக்காயும் இதே வழிதான், மஞ்சள் சேர்த்து. வெண்டையை வேகவைக்கக் கூடாது. அரை அங்குலத் துண்டாக நறுக்கி அப்படியே காய வைப்பது உத்தமம். 1 கிலோ வெண்டை 120 கிராம் வற்றலாகச் சுருங்கும். கொத்தவரையில் அதைவிடக் கூடுதலாகத் தேறும். எதிர்பார்த்ததில் பத்தில் ஒன்றுதானா என்று மலைக்க வேண்டாம். ஒரு கைப்பிடி வற்றல் ஒரு வேளைக் குழம்புக்குத் தாராளம்.

சுண்டையும் மோர் மிளகாயும் பொறுமையைச் சோதிக்கும். சுண்டைக்காயை அம்மியில் வைத்து லேசாக ஒரு தட்டு. வாய் பிளந்து விதை தெரிய வேண்டும், சிதறக் கூடாது. தண்ணீரில் அலசினால் கசப்போடு கொஞ்சம் விதையும் போகும். புளித்த கெட்டி மோரில் உப்புக் கரைத்து அதில் இரவு முழுக்க ஊறட்டும். காலையில் காயை மட்டும் வடித்துத் தட்டில் காய வைத்து, மோர்ப் பாத்திரத்தையும் துணி கட்டிப் பக்கத்திலேயே வெயிலில் வையுங்கள். சாயங்காலம் காய் மறுபடி அதே மோருக்குப் போகும். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ பாத்திரத்தில் மோரே இருக்காது. அத்தனையும் காய்க்குள் போயிருக்கும். அதன் பிறகு மொறமொறவென்று ஆகும் வரை வெயில் மட்டும். மிளகாய்க்கு 1 கிலோவுக்கு 1 லிட்டர் மோர், 100 கிராம் கல்லுப்பு. காம்பைக் கிள்ளாமல் நுனியில் ஊசியால் ஒரு குத்து. மணத்தக்காளியின் பச்சைக் காயைத் தட்டத் தேவையில்லை.

காய்ந்ததா என்று கையால் ஒடித்துப் பார்ப்பது மட்டும் போதாது. ஒரு பிடியைக் கண்ணாடி ஜாடியில் போட்டு இறுக மூடி ஒரு நாள் வெயிலில் வையுங்கள். மூடியின் உள்பக்கம் பனித்தால் இன்னும் ஒரு நாள் காய வேண்டும். அரைகுறையாகக் காய்ந்த மிளகாயில் பிடிக்கும் ஒரு வகைப் பூஞ்சணத்தின் நஞ்சு எண்ணெயில் பொரித்தாலும் போகாது. பூத்த மிளகாயைத் துடைத்துப் பயன்படுத்தும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

இந்த வேலை யார் தலையில் விழுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். தார் சுற்றுவதும், நூல் இழைப்பதும், சமைப்பதும் செய்கிற பெண்களே மாடிக்கும் ஐந்து முறை ஏறி இறங்குகிறார்கள். காகத்துக்கும் அணிலுக்கும் காவல் இருப்பதைப் பிள்ளைகளிடமும் ஆண்களிடமும் பகிர்ந்து கொடுங்கள். குரங்கு வரும் கோயில் தெருக்களில் கொசுவலைச் சட்டமிட்ட பெட்டி ஒன்று தச்சரிடம் சொல்லிச் செய்துவிட்டால் காவலே வேண்டாம். எல்லாவற்றையும் வைகாசிக் கருட சேவைக்கு முன்பு முடித்துவிடுங்கள். அன்று வீடு முழுக்க உறவினர் இருப்பார்கள். அதற்குப் பிறகு சாயங்கால இடிமழையும் தலைகாட்டும்.

உப்பில்

மாவடு உங்கள் மாடியில் விளையாது, வாங்கத்தான் வேண்டும். மாசியில் வரத் தொடங்கும். ஏகாம்பரநாதர் கோயிலின் தல விருட்சமே மாமரம். அங்கே பங்குனி உத்திரத் திருக்கல்யாணம் நடக்கும் நாளில் வடு முற்றத் தொடங்கியிருக்கும், அதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். அடிபடாத, காம்போடு கூடிய உருண்டை வடு 1 கிலோ. கழுவி ஈரம் போகத் துடைத்து, விளக்கெண்ணெய் இரண்டு தேக்கரண்டி விட்டுப் புரட்டி, 120 கிராம் கல்லுப்பு, மஞ்சள் தூள், கடுகுப் பொடி, மிளகாய்த் தூள் சேர்த்துப் பீங்கான் ஜாடியில் போடுங்கள். மறுநாளே நீர் விடும். தினம் ஒரு முறை காய்ந்த மரக்கரண்டியால் கிளற வேண்டும். மூன்று, நான்கு நாளில் வடு சுருங்கித் தன் நீரிலேயே அமிழும். இரண்டு வாரத்தில் சாப்பிடலாம். உப்பைக் குறைத்துப் போடுவது ஆரோக்கியம் என்று நினைத்து 50 கிராமோடு நிறுத்துகிறவர்கள் ஜாடியைக் கொட்டத்தான் வேண்டியிருக்கும். சாப்பிடும்போது அளவைக் குறையுங்கள். நாளொன்றுக்கு மொத்த உப்பே 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ரத்த அழுத்தம் உள்ளவருக்குக் கருவாட்டைப் போலவே வற்றலும் வடுவும் தொட்டுக்கொள்ள மட்டும்.

கெடுவதைத் தடுப்பவை நான்கே: நீர் இல்லாமை, உப்பு, புளிப்பு, சர்க்கரை. எண்ணெய் இந்தப் பட்டியலில் இல்லை. அது காற்றை மட்டும் மறைக்கும். காற்றில்லாத இடத்தில்தான் வளரும் போட்டுலினம் என்ற கிருமிக்கு அது சௌகரியம். புளிப்பு போதுமான அளவு இருந்தால், அதாவது பி.எச். 4.6க்குக் கீழே இருந்தால், அது தலையெடுக்காது. ஆகவே பூண்டு ஊறுகாயில் எலுமிச்சைச் சாறோ புளியோ தாராளமாக இருக்க வேண்டும். எண்ணெயில் வெறும் பூண்டைப் போட்டு அலமாரியில் வைக்கவே கூடாது.

அமெரிக்க வீடுகளில் பீன்சையும் சோளத்தையும் கண்ணாடிப் புட்டியில் அடைத்துச் சூடாக்கி ஆண்டுக்கணக்கில் வைக்கிறார்கள். பிரெஞ்சுக்காரர் நிக்கோலா அப்பேர் 1810ல் புத்தகமாக வெளியிட்ட முறையின் வழிவந்தது அது. அதற்கென்றே செய்த அழுத்தக் கொப்பரையும், காய்க்குக் காய் சோதித்த நேரப் பட்டியலும் அவர்களிடம் உண்டு. நம் பிரஷர் குக்கரில் காணொளியைப் பார்த்து இதைச் செய்து பார்க்க வேண்டாம். புளிப்பில்லாத காய்க்கு நம் வெயிலே போதும், அதுவும் இலவசம்.

விற்பனைக்குச் செய்வதாக இருந்தால் அக்கம்பக்கத்துக்கு விற்பதற்கும்கூட எப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு வேண்டும். வீட்டுக்கு என்றால் ஜாடியில் மாதமும் ஆண்டும் எழுதி ஒட்டினால் போதும்.

கடைசியாக ஒரு வேலை. ஐப்பசி பிறக்கும் முன் நல்ல வெயில் அடிக்கும் ஒரு நாளில் எல்லா வற்றலையும் ஜாடியிலிருந்து கொட்டி, காலை 9 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை மறுபடி காய வையுங்கள். ஜாடிகளையும் கழுவி அதே வெயிலில் கவிழ்த்து வையுங்கள். சூட்டோடு அள்ளி மூடினால் உள்ளே வியர்க்கும். நிழலில் ஒரு மணி நேரம் ஆறவிட்டு அடையுங்கள். மழை பிடித்துக்கொண்டால் தை வரை இப்படியொரு வெயில் கிடைக்காது.